ஒரே நாளில் இரண்டு குடிமக்கள்

“அப்ப நான் யாரு? டூரிஸ்ட்டா?”

முன் சீட்டிலிருந்து முழுசாகப் பின்னால் திரும்பிக் கேட்டாள் ரக்ஷா. சீட் பெல்ட் கழுத்தை அறுப்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

“டூரிஸ்ட்னு யாரு சொன்னா? நீ சிட்டிசன். ஃபுல் சிட்டிசன். ஆனா நேச்சுரல் பார்ன் சிட்டிசன் இல்ல. திருச்சில பொறந்துட்டு எப்படி நேச்சுரல் பார்ன் ஆவ?” பின் சீட்டில் நிஹால். வாய் நிறைய நேந்திரங்காய் சிப்ஸ்.

“சபரி மாமா, இவன ரூட் ஒன்லயே இறக்கி விடுங்க.”

“முடியாதும்மா. இன்னிக்கு நம்ம கார்பூல் டர்ன்.”

“என் மேலயே கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு என் கார்லயே வரான். வெக்கமே இல்ல.”

“கார் உன்னுது இல்ல. உங்க மாமாவுது. அதுவும் லீஸ்” என்றான் நிஹால்.

இதில் மாமா என்பது நான். முழுப் பெயர் சபரிநாதன், வயது இருபத்தேழு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா வேலை, கையில் ஹெச்-ஒன் வேலை விசா. வெஸ்ட் வின்ட்சரில் என் பெரியம்மா மகள் மீனாக்ஷி அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். அதனால் அக்கா மகள் ரக்ஷாவுக்கும், பக்கத்துத் தெரு பாரூக் அங்கிள் மகன் நிஹாலுக்கும் வாரம் இரண்டு நாள் நான்தான் டிரைவர். இந்த நாட்டில் எனக்கு ஒரு ஓட்டு கிடையாது. ஆனால் இந்த நாட்டு அரசியல் சாசனம் என்றால் எனக்கு உயிர். ஆபீஸில் லஞ்ச் நேரத்தில்கூடப் பழைய கோர்ட் தீர்ப்பு படித்துக்கொண்டிருப்பேன். “உனக்குச் சம்பந்தமே இல்லாத கல்யாணத்துல பந்தி பரிமாறுற” என்பாள் அக்கா.

இரண்டு பேரும் பதினோராம் வகுப்பு. வாதம் சூடாகிவிட்டால் இரண்டும் இங்கிலீஷுக்குத் தாவிவிடும். நான் காதில் விழுந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். அவர்கள் பள்ளிக்கூடத்தில் நிஜத் தேர்தல் வரும் வருஷங்களில் மாணவர்களே ஒரு மாதிரி ஜனாதிபதித் தேர்தல் நடத்துவார்கள். மேடை, கொடி, பேச்சு, கமிட்டி, தகராறு தீர்க்க ஒரு கோர்ட் எல்லாம் உண்டு. அரசியல் சாசனம் ஜனாதிபதிக்கு என்ன தகுதி கேட்கிறதோ அதுதான் வேட்பாளருக்கும் தகுதி. முப்பத்தைந்து வயது என்பதை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பதினான்கு வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். அது ரக்ஷாவுக்கு இருக்கிறது. மிச்சம் ஒன்று. பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும். நேச்சுரல் பார்ன் சிட்டிசன்.

ரக்ஷா இதற்காக ஒன்பதாம் வகுப்பிலிருந்தே காத்திருக்கிறாள். பேச்சைப் பன்னிரண்டு முறை திருத்தி எழுதியிருக்கிறாள். கடைசித் திருத்தத்தை பேஸ்மென்ட் படிக்கட்டில் நின்று எனக்குப் பேசிக் காட்டியபோது, வாஷிங் மெஷின் ஓடும் சத்தத்தைத் தாண்டி எனக்குப் புல்லரித்தது. மனு போட்ட மறுநாளே நிஹால் ஆட்சேபணை கொடுத்துவிட்டான். அவனும் வேட்பாளர். செவ்வாய்க்கிழமை மாலை தகுதிக் கமிட்டி விசாரிக்கப் போகிறது. அதில் தோற்றால் அவள் மேடையே ஏற முடியாது.

“சரி, நீ எங்க பொறந்த?” என்று ரக்ஷா கேட்டாள்.

“எடிசன். நியூ ஜெர்சி. மண்ணின் மைந்தன்.”

“ரசியா ஆன்ட்டி எதுக்கு எடிசன்ல பெத்தாங்க? அதச் சொல்லு.”

பின்னாலிருந்து சிப்ஸ் சத்தம் மட்டும் வந்தது.

“மாமா, இவங்க அம்மாவும் முதல் பிரசவத்துக்கு ஊருக்குப் போகத்தான் டிக்கெட் போட்டாங்க. கீழக்கரைக்கு. விசா ஸ்டாம்பிங்ல சிக்கிட்டா திரும்பி வர முடியாதுன்னு அங்கிள் பயந்துட்டாரு. அதனால இங்கயே இருந்துட்டாங்க. இவன் நேச்சுரல் பார்ன் இல்ல, ஸ்டாம்பிங் பார்ன்.”

நான் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். நிஹாலும் சிரித்துவிட்டான்.

“எப்படிப் பொறந்தாலும் இங்க பொறந்தேன்ல? அது போதும். இங்க பொறந்தவன் சிட்டிசன்னு பதினாலாவது திருத்தம் சொல்லுது.”

“அது சிட்டிசன்னுதான் சொல்லுது. நேச்சுரல் பார்ன்னு சொல்லல. அப்பா அம்மாவும் சிட்டிசனா இருக்கணும்னு வாதாடுறவங்க இருக்காங்க. உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அப்ப ஹெச்-ஒன். அவங்க கணக்குல நீயும் அவுட்.”

“அத யாரும் ஏத்துக்கல!”

“முழுசா முடிவு பண்ணின கோர்ட்டும் இல்ல. ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூறுல முதல் காங்கிரஸே சட்டம் போட்டிருக்கு. சிட்டிசனோட குழந்தை கடல் தாண்டிப் பொறந்தாலும் நேச்சுரல் பார்ன்தான்னு. அரசியல் சாசனம் எழுதினவங்களே அதுல நிறையப் பேர் இருந்தாங்க.”

“தொண்ணூத்தஞ்சுல அந்த வார்த்தைய எடுத்துட்டாங்களே!”

“வார்த்தையத்தான் எடுத்தாங்க. அர்த்தத்தையா எடுத்தாங்க?”

நான் எக்ஸிட்டைத் தவறவிட்டேன். பதினாறு வயதில் நான் எதற்கு வாதாடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஹாஸ்டலில் இரண்டாவது முட்டைக்கு.

*

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் நான்தான் காரியத்தைக் கெடுத்தேன்.

ஜம்புநாதன் அத்தான், அதாவது ரக்ஷாவின் அப்பா, பழைய ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய் வருகிற மனிதர். எந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பார்.

“இதுல பயப்பட என்னம்மா இருக்கு? ரெண்டாயிரத்து எட்டு பிப்ரவரி. நான் சிட்டிசன் ஆனதும் நீ பொறந்ததும் ஒரே நாள். ஒரே நாள்ல ரெண்டு சிட்டிசன். எத்தன பேருக்கு அமையும்?”

இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அக்கா திருச்சிக்குப் போனாள். அவளிடம் அப்போது கிரீன் கார்டுதான், குடியுரிமை இல்லை. அத்தானும் பின்னாலேயே கிளம்ப இருந்தார். அதற்குள் குடியுரிமை உறுதிமொழிக்குக் கடிதம் வந்துவிட்டது. விட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ என்று டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ரக்ஷா பிறந்துவிட்டாள். அவர் இங்கே நியூவார்க் நகரில் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்த அதே தேதியில்.

நூறு தடவை கேட்டும் எனக்குத் தோன்றாத கேள்வி, நூற்றியோராவது தடவை தோன்றியது. தோன்றினால் என் வாய் நிற்காது.

“அத்தான், எது முதல்ல?”

“என்ன எது?”

“நீங்க உறுதிமொழி எடுத்தது முதல்லயா, இவ பொறந்தது முதல்லயா?”

ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த ரக்ஷாவின் கை நின்றது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மற்ற இருவருக்கும் நான் விளக்க வேண்டியிருந்தது.

அவள் பாஸ்போர்ட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை, அதை முதலில் சொல்லிவிட்டேன். ஏழு மாதக் குழந்தையாக அக்காவின் கிரீன் கார்டோடு சேர்ந்து நியூவார்க்கில் வந்து இறங்கினாளே, அப்பா சிட்டிசன் என்பதால் அந்த நிமிஷமே சட்டப்படி அவளும் சிட்டிசன். அதை யாரும் அசைக்க முடியாது. கேள்வி, எந்த வகை சிட்டிசன் என்பதுதான். அத்தான் உறுதிமொழி எடுத்த பிறகு அவள் பிறந்திருந்தால், ஒரு அமெரிக்கனின் மகளாகப் பிறந்தவள், பிறக்கும்போதே குடிமகள், ஜனாதிபதி ஆகலாம் என்று வாதாடலாம். முன்னாலேயே பிறந்திருந்தால், பிறக்கும்போது அவள் வெறும் திருச்சிக்காரி. ஏழு மாதம் கழித்து அமெரிக்கன் ஆனவள். வாதாடவே இடமில்லை.

“தேதி ஒண்ணுதானே?” என்றாள் அக்கா.

“தேதி ஒண்ணு. ஆனா இங்கயும் அங்கயும் பத்தரை மணி நேரம் வித்தியாசம் இருக்கேக்கா.”

“நீ எதுக்குடா இதையெல்லாம் கேக்குற?” அக்கா கரண்டியை வைத்தாள். “அந்த நிஹால் பையனுக்கே தோணல.”

“அவனுக்கும் தோணும்மா, திங்கக்கெழமைக்குள்ள தோணிடும்” என்றாள் ரக்ஷா. அவள் கண் பளபளத்தது. பயமா, குஷியா என்று எனக்குப் பிடிபடவில்லை. “அப்பா, உறுதிமொழி எத்தன மணிக்கு?”

அத்தான் ஃபைலைப் புரட்டினார். கூடப் போன பாரூக் அங்கிள் எடுத்த போட்டோ இருந்தது. வலது கையைத் தூக்கிக்கொண்டு, தொளதொள கோட்டில் முப்பது பேருக்கு நடுவில் அத்தான். மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதியும் நேரமும். காலை பத்து இருபது. அப்போது திருச்சியில் இரவு எட்டு ஐம்பது.

“இப்ப இவ பொறந்த நேரம்” என்றேன். திருச்சி மாநகராட்சி கொடுத்த சான்றிதழில் தேதி மட்டும்தான் இருந்தது. பிறந்த நர்சிங் ஹோம் இப்போது செல்போன் கடை.

“டேய், நீ அங்கதானடா இருந்த? உனக்குப் பதினோரு வயசு. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்த.”

“இருந்தேன்க்கா.”

“எத்தன மணி?”

யோசித்தேன். நேர்மையாக யோசித்தேன். “எதுத்த கடைல போண்டா சூடா இருந்துச்சு. அதுதான் ஞாபகம் இருக்கு.”

“வரலாற்றுக்கு ஒரே சாட்சி. அதுவும் போண்டா தின்னுட்டு இருந்திருக்கு” என்றார் அத்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. “ஜாதகம்!”

எந்த அரசாங்கமும் குறிக்காத நேரத்தை நம் வீடுகளில் நிமிஷ சுத்தமாகக் குறித்து வைத்திருப்போமே! பாஸ்போர்ட் ஃபைலிலேயே அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. மஞ்சள் தடவிய முனை, கட்டம், கீழே எழுத்து. மகம் நட்சத்திரம். பிறந்த நேரம் இரவு ஒன்பது பத்து.

ஒன்பது பத்து! நியூவார்க்கில் காலை பத்து நாற்பது! அத்தான் அமெரிக்கன் ஆகி இருபது நிமிஷம் கழித்து!

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அத்தான் ரக்ஷாவின் தலையில் கை வைத்து, “மேடம் பிரசிடென்ட்” என்றார். ரக்ஷா அப்பளத்தைத் தூக்கிப் பிடித்து உறுதிமொழி எடுத்தாள். அக்கா மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போனாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஜாதகத்தை இங்கிலீஷில் மொழிபெயர்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை இந்தியன் ஸ்டோருக்கு வா என்றாள் அக்கா. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அந்த ஒன்பது பத்து நிஜம் இல்லடா.”

“என்னக்கா சொல்ற?”

“அன்னிக்கு எட்டே முக்கால் வரைக்கும் ஆயில்யம். பொண்ணு ஆயில்யத்துல பொறந்தா மாமியாருக்கு ஆகாதுன்னு கல்யாணத்தப்ப பிரச்சன வரும்னாங்க. அதனால கொஞ்சம் தள்ளிக் குடுத்தாங்க ஜோசியர்கிட்ட. மகம் ஆயிடுச்சு.”

“யாரு குடுத்தா?”

“வேற யாரு. உங்கம்மா.”

கடையிலேயே, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். என் அம்மா சாந்தாமணி திருச்சியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ரக்ஷா எத்தன மணிக்குப் பொறந்தா?”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். எத்தன மணிக்கு?”

“ஜாதகத்துல இருக்குமே.”

“ஜாதகத்துல இருக்கறது வேணாம். நிஜம்.”

டிவி சத்தம் குறைந்தது. “மீனா சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டா.”

“எட்டு அஞ்சு. நர்ஸ் கதவத் தொறந்து பொம்பளப் புள்ளன்னு சொன்னா. நான் வாட்ச்சப் பாத்தேன். எட்டு அஞ்சு. எல்லைல நிக்க வேணாம்னு ஜோசியர்கிட்ட ஒரேயடியா ஒன்பது பத்துன்னுட்டேன். ஏன், வரன் ஏதும் வந்திருக்கா?”

“வரன் இல்லம்மா. அவ பிரசிடென்ட் ஆகணும்.”

“ஆகட்டும். பிரசிடென்டுக்குக் கல்யாணம் ஆக வேணாமா?”

போனை வைத்தேன். பின்னால் ஒரு அங்கிள் பொன்னி அரிசியை எடுக்க வழி கேட்டார். எட்டு ஐந்து என்றால் நியூவார்க்கில் காலை ஒன்பது முப்பத்தைந்து. அத்தான் ஹாலில் நம்பர் சீட்டோடு, இந்தியக் குடிமகனாக உட்கார்ந்திருந்த நேரம். நாற்பத்தைந்து நிமிஷம்!

வீட்டுக்கு வந்து சொன்னோம். அத்தான் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குத் தெரியப் போவுது?” என்றாள் அக்கா. “அவங்க கேக்கறது ஒரு பேப்பர். பேப்பர்ல ஒன்பது பத்துதான் இருக்கு. பதினாறு வருஷமா இருக்கு. இன்னிக்கா எழுதினோம்?”

“ஸ்கூல் டிராமாதானேம்மா” என்று அத்தானும் மெல்லச் சொன்னார். “நான்தான் அந்த டிக்கெட்டத் தள்ளிப் போட்டேன். இல்ல மீனா, நீ இங்கயே பெத்திருந்தா...”

“ஆமா, நீங்க சமைச்சுப் போட்டிருப்பீங்க பத்தியம்” என்றாள் அக்கா.

ரக்ஷா என் மொழிபெயர்ப்புத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். நான்கு பக்கம். ராகு, கேது எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு போட்டிருந்தேன்.

“இத நான் குடுக்க மாட்டேன்” என்றாள்.

“ஏம்மா?” என்றாள் அக்கா.

“நிஹால் ரெண்டு வாரமா ராத்திரி பகலா படிக்கிறான். நிஜமாவே படிக்கிறான். அவன் முன்னாடி இதக் குடுத்து ஜெயிச்சா, ஜெயிச்ச மாதிரியே இருக்காதும்மா. ஒவ்வொரு தடவ கார்ல ஏறும்போதும் எனக்குத் தெரியும்ல?”

“அப்ப தோத்துடுவியே” என்றேன்.

“பாக்கலாம். எனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

*

செவ்வாய்க்கிழமை கார்பூலில் எல்லாவற்றையும் அவளே நிஹாலிடம் சொன்னாள். ஆயில்யம், மகம், மாமியார் உட்பட. அவன் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டான்.

“வெய்ட். உங்க அப்பா உன்ன விட நாப்பத்தஞ்சு நிமிஷம் லேட்டா?”

“ஆமா.”

“இத நீ ஏன் எங்கிட்டச் சொல்ற? நான் கமிட்டில சொல்லுவேன். கண்டிப்பா சொல்லுவேன்.”

“நானே சொல்லப் போறேன்டா.”

அவன் ஆற்றாமை தாங்காமல், “அப்ப நீ நாள் கணக்க வெச்சு வாதாடு” என்றான்.

“என்ன நாள் கணக்கு?”

“சட்டம் ஒரு நாளத் துண்டு போடாதுன்னு ஒரு பழைய விதி இருக்கு. காலைல நடந்தாலும் சாயங்காலம் நடந்தாலும் நாள் பூரா நடந்த மாதிரிதான். உங்க அப்பா அந்த நாள் பூரா சிட்டிசன். நீ அந்த நாள்ல பொறந்த. முடிஞ்சுது.”

நான் காரை ஓரம் கட்டாத குறை. “டேய், இது பிரமாதம்டா! எங்க படிச்ச?”

“போன வாரம். ஒரே தேதின்னு ஜம்பு அங்கிள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பாருல்ல? இவ இதச் சொல்லுவான்னு நெனச்சேன்.”

“எனக்கு ஏன்டா எடுத்துக் குடுக்குற?” என்றாள் ரக்ஷா.

“இதுக்கு நான் மூணு பக்கம் பதில் எழுதி வெச்சிருக்கேன். நீ சொல்லலன்னா அத நான் எங்க படிக்கிறது?”

*

டிரைவர்கள் கடைசி வரிசையில் உட்காரலாம் என்றார் அவர்களுடைய வரலாற்று ஆசிரியர். லைப்ரரியில் நீள மேஜை. ஐந்து பேர் கமிட்டி. நடுவில் தலைவி தீக்ஷா, பன்னிரண்டாம் வகுப்பு, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொள்ளும் பெண். கேள்வியை இரண்டாகப் பிரித்துவிட்டாள். முதல் கேள்வி: அமெரிக்கக் குடிமகனுக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தை நேச்சுரல் பார்னா? இரண்டாவது: ரக்ஷா பிறந்தபோது அவள் அப்பா குடிமகனா?

முதல் கேள்விக்கு நாற்பது நிமிஷம். ரக்ஷா அன்று பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அரசியல் சாசனம் எழுதினவர்கள் பயந்தது வெளிநாட்டு ராஜா யாராவது வந்து தலைவராகிவிடுவாரோ என்றுதான், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணைப் பார்த்து இல்லை என்றாள். பிறப்பு என்பது ஆஸ்பத்திரியின் விலாசமா, ஒரு உறவா என்று கேட்டாள். நிஹால் எழுந்து, விலாசம் மாறாது, உறவை அடுத்த சட்டம் மாற்றிவிடும், அதனால் மண்தான் நிச்சயம் என்றான். அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வோட்டு: நான்குக்கு ஒன்று. ரக்ஷா பக்கம். திருச்சியில் பிறந்தது குற்றமில்லை!

இரண்டாவது கேள்விக்கு ரக்ஷா எழுந்து நின்று, எட்டு ஐந்து என்றாள். ஜாதகத்தைப் பற்றிச் சொன்னாள். அது தப்பான நேரம், ஆதாரமாகத் தரவில்லை என்றாள். ஒரு பையன் குறுக்கிட்டான்.

“உன் மாமியாருக்காக நேரத்த மாத்தினாங்களா? உனக்கு மாமியாரே கிடையாதே?”

“வருங்கால மாமியார்.”

“அவங்க யாருன்னு தெரியுமா?”

“இன்னும் தெரியாது. ஆனா அவங்க ரொம்ப நல்லா இருக்காங்க.”

மொத்த லைப்ரரியும் சிரித்து அடங்க நேரமாயிற்று. பிறகு அவள் நாள் கணக்கு வாதத்தை வைத்தாள். நிஹால் தன் மூன்று பக்கத்தையும், ஒரு வரி விடாமல், சந்தோஷமாகப் படித்தான். அந்த விதி வெறும் சௌகரியத்துக்கு. எது முதல் என்பதே கேள்வியாக இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றான். அதிலும் இங்கே கடிகாரம் என்ன சொல்கிறது என்று எதிர்த் தரப்பே நேர்மையாகச் சொல்லிவிட்டது என்றான்.

வோட்டு: மூன்றுக்கு இரண்டு. நிஹால் பக்கம்.

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருந்தால்! ரக்ஷா தன் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு முறை திருத்திய பேச்சு அவள் பையில் இருந்தது. பிறகு நிமிர்ந்து ஆசிரியரைக் கேட்டாள்.

“முதல் கேள்விக்கு வந்த தீர்ப்பு எழுதி வைக்கப்படுமா? அடுத்த தேர்தல்ல வேற யாராவது வெளிய பொறந்தவங்க நிப்பாங்கல்ல?”

“வைக்கப்படும். உன் பெயரிலேயே” என்றார் அவர்.

கார் கதவைச் சாத்தியதுமே நிஹால் ஆரம்பித்தான்.

“நீ எனக்கு வைஸ் பிரசிடென்ட்டா நில்லு. ப்ளீஸ். மத்த ரெண்டு கேண்டிடேட்டுக்கும் பேசவே தெரியாது.”

“பன்னெண்டாவது திருத்தம். பிரசிடென்ட் ஆக முடியாதவங்க வைஸ் பிரசிடென்ட்டும் ஆக முடியாது. இதுகூடத் தெரியாமயா மூணு பக்கம் எழுதின?”

“ஐயோ, ஆமா. அப்ப என்ன பண்ணப் போற?”

“எலெக்‌ஷன் கோர்ட்ல சீஃப் ஜஸ்டிஸ் இடம் காலியா இருக்கு. இப்பதான் சார்கிட்டப் பேர் குடுத்துட்டு வரேன்.”

நான் ரிவர்ஸ் எடுக்க மறந்து அவளைப் பார்த்தேன். அரசியல் சாசனத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு எங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. வயது கிடையாது, குடியுரிமைகூடக் கேட்கவில்லை!

“அதாவது,” என்றான் நிஹால் மெதுவாக, “நீ பிரசிடென்ட் ஆக முடியாது. ஆனா யாரு ஆகலாம்னு நீ சொல்லலாம்.”

“கரெக்ட். உங்க அப்பா அம்மா ஹெச்-ஒன் விஷயத்த யாராவது கேஸ் போட்டா எங்கிட்டத்தான் வரும். சிப்ஸ் பாக்கெட்ட இப்படிக் குடு.”

அவன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்ததும் ரக்ஷா, “தோத்துட்டேம்மா, பசிக்குது” என்றாள். குரலில் துளி வருத்தம் இல்லை. அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அத்தான் அந்த மூன்றுக்கு இரண்டைக் கேட்டதும், “அந்த ரெண்டு பேர் யாரு? வீட்டுக்குக் கூப்பிடு, பிரியாணி போடலாம்” என்றார். எதிராக ஓட்டுப் போட்ட மூன்று பேரையும் கூப்பிட்டு வாதாடிப் பார்க்கலாம் என்றேன் நான். வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா எனக்குத் தடை உத்தரவு போட்டுவிட்டாள்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தேதி ஒன்று, அப்பா அன்றைக்கே அமெரிக்கன், மகள் அன்றைக்கே பிறந்தவள். நடுவில் இருப்பது வெறும் நாற்பத்தைந்து நிமிஷம். அந்த ஐந்து பேர் மேஜையில் ஆறாவது நாற்காலி உங்களுக்குப் போட்டிருந்தால், நீங்கள் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்களா, காலண்டரைப் பார்த்திருப்பீர்களா? சொல்லுங்களேன், உங்கள் ஓட்டு யாருக்கு?